மூன்றாம் ரிச்சர்டின் எலும்புகளும் ஹால்பர்டும்

இடைக்காலப் போர் என்றதும் வாளேந்திய குதிரைவீரனையே நாம் கற்பனை செய்கிறோம். ஆனால் 1485ஆம் ஆண்டு போஸ்வொர்த் களத்தில் இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ரிச்சர்டின் உயிரைக் குடித்தது, காலாட்படையினர் ஏந்திய ஹால்பர்டு போன்ற ஆயுதமாக இருக்கலாம். ஆளுயரத்தை மிஞ்சிய மரக்காம்பின் தலைப்பில் கோடரி அலகும் ஈட்டிமுனையும் பின்புறம் ஒரு கொக்கியும் பொருந்திய அக்கருவியால், குதிரைமேல் இருப்பவரை இழுத்து வீழ்த்தவும், காம்பின் நீளம் தரும் விசையோடு ஓங்கி வெட்டவும் முடிந்தது. வாளைவிட அஞ்சத்தக்கது இதுவே என்பேன். 2012இல் லெஸ்டர் நகர வாகன நிறுத்துமிடம் ஒன்றின் அடியில் (மன்னருக்கு வாய்த்த இடம்!) கிடைத்த எலும்புக்கூட்டில், இறப்பை ஒட்டி ஏற்பட்ட 11 காயங்களை ஆய்வாளர்கள் கண்டனர், அவற்றில் 9 மண்டையோட்டில் இருந்தன. கைகளில் தற்காப்புக் காயங்கள் இல்லாததால், உடற்கவசம் அப்படியே இருக்க, தலைக்கவசம் மட்டும் கழன்றோ கழற்றப்பட்டோ போயிருக்க வேண்டும் என்று அவர்கள் கருதினர்.