நம்ம ஊர் வர்ணம்

பாம்பன் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் பாட்டு டீச்சர் நான். வகுப்பறைக்குப் பின்னால் கடல். உப்புக் காற்றில் ஆர்மோனியத்தின் மேல்ஸ்தாயிக் கட்டைகள் இரண்டு அமுங்கினால் எழும்பாது. ஸ்கேல் முனையால் நெம்பித் தூக்கிவிட்ட பிறகுதான் பாடம். சரளி, ஜண்டை, அலங்காரம், கீதம் என்று ஆரம்பப் பாடமெல்லாம் தாண்டி வர்ணம் என்கிற பெரிய பாட்டுக்கு வருகிற பிள்ளைகள் வருஷத்துக்கு மூன்று பேரோ நான்கு பேரோதான். அவர்களுக்கு முதலில் மோகனத்தில் 'நின்னுகோரி'. மத்யமமும் நிஷாதமும் இல்லாத ஐந்து ஸ்வர ராகம், சின்னக் குரலில் சட்டென்று உட்காரும்.

பதினோரு வருஷமாகக் கரும்பலகையில் ஒரே மாதிரி எழுதிப் போட்டு வந்தேன்: ராகம் மோகனம், தாளம் ஆதி, இயற்றியவர் பூச்சி ஸ்ரீனிவாச ஐயங்கார். ஒருநாள் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, எங்கிருந்தோ வாங்கி வந்த பழைய இசைப் புத்தகத்தை விரித்துக் காட்டினாள். அட்டை இல்லை, ஓரமெல்லாம் செல்லரித்திருந்தது. "இதுல இராமநாதபுரம் ஸ்ரீனிவாச ஐயங்கார்னு போட்டிருக்கே டீச்சர், நம்ம ராம்நாடா?"

ஆமாம் என்றேன். அதற்கு மேல் சொல்ல என்னிடம் ஒரு வரி இல்லை. திருவையாற்றைப் பற்றிக் கேட்டிருந்தால் ஒரு மணி நேரம் பேசியிருப்பேன். அன்று இரவு அது உறுத்திக்கொண்டே இருந்தது.

அப்புறம் சனி, ஞாயிறுகளில் நூலகமே கதி. பூச்சி ஐயங்கார் 1860-ல் இராமநாதபுரத்தில் பிறந்தவர். பட்டணம் சுப்ரமணிய ஐயரின் சீடர். அவரை ஆதரித்தவர்கள் பாஸ்கர சேதுபதியும் பாண்டித்துரைத் தேவரும். இந்த இரண்டு பெயரும் இங்கே எல்லோருக்கும் பழக்கம்தான். விவேகானந்தர் சிகாகோ போகத் துணைநின்ற மன்னர் ஒருவர், 1901-ல் மதுரையில் தமிழ்ச் சங்கம் கண்ட ஜமீன்தார் இன்னொருவர். பாட்டுக்காரர்களைத் தாங்கிப் பிடித்தவர்கள் என்பது மட்டும் எப்படியோ நழுவிப் போயிருக்கிறது. வர்ணத்தில் தொடங்குகிற இன்றைய கச்சேரிக்கு வடிவம் கொடுத்த அரியக்குடி ராமானுஜ ஐயங்கார், இந்தப் பூச்சி ஐயங்காரிடம் கற்றவர். 'தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்' என்று அதிகாரிகள் மிரட்டுவது எங்கள் சீமையை வைத்துத்தான். அந்தக் காட்டில் இத்தனை பாட்டு விளைந்திருக்கிறது! அதைப் பிள்ளைகளிடம் சொல்லாமல் விட்டதில் எனக்கும் பங்கு உண்டு, அது வலிக்கிறது.

போன தை மாதம் வர்ணம் பாடுகிற நான்கு பேரையும் இராமநாதபுரத்துச் சேதுபதிகளின் இராமலிங்க விலாசம் அரண்மனைக்குக் கூட்டிப் போனேன். சுவரெல்லாம் பதினெட்டாம் நூற்றாண்டு ஓவியங்கள். அந்தக் காலத்துச் சேதுபதி பாட்டும் ஆட்டமும் ரசிக்கிற காட்சிகளும் அதில் உண்டு. சாயம் உதிர்ந்த ஒரு முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள் புத்தகம் கொண்டுவந்த பிள்ளை. "இங்க பாடலாமா டீச்சர்?"

காவலுக்கு இருந்த அண்ணனிடம் கேட்டேன். மெதுவாகப் பாடச் சொன்னார். தரையில் சம்மணம் போட்டு, தொடையில் தாளம் தட்டி ஆரம்பித்தார்கள். முதல் காலம், அதாவது மெதுவான வேகம், சுத்தமாக வந்தது. இரட்டை வேகமான இரண்டாம் காலத்தில், பல்லவிக்கு அடுத்த அனுபல்லவியில் ஒருத்தி தாளத்தை விட்டுவிட்டாள். நிறுத்தினேன். "சரி, பல்லவியிலிருந்து."