பவர்வாஷ் கடைசியில்தான்: மாணவர் ஹெல்ப் டெஸ்க்கும் ஏ பிளஸ் தேர்வும்

சக மாணவர்களின் மெஷினைச் சரிசெய்யும் எங்கள் ஹெல்ப் டெஸ்க் பிள்ளைகளுக்கு ஏ பிளஸ் (காம்ப்டியா தரும் கணினி டெக்னீஷியன் சான்றிதழ்) தேர்வின் இரண்டு தாள்களான கோர் 1, கோர் 2 முடிந்து மதிப்பெண்ணும் வந்துவிட்டது. பெரிய நிம்மதி. ஆனால் இடறிய பிள்ளைகள் பாடம் தெரியாமல் இடறவில்லை என்பதுதான் ஆறவில்லை. டெஸ்க்கில் வேகமாக வேலை முடிக்கிற கைகள்தான் கோர் 2-ல் சறுக்குகின்றன. அமெரிக்க உயர்நிலைப் பள்ளியில் குரோம்புக் (கூகுளின் குரோம் ஓஎஸ்ஸில் ஓடும் லேப்டாப்) ஹெல்ப் டெஸ்க் நடத்துகிறவர்களும், அதில் உட்கார்ந்துகொண்டே ஏ பிளஸ்ஸுக்குப் படிக்கிறவர்களும் மற்ற எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்: பவர்வாஷ் கடைசியில்தான்.

பவர்வாஷ் என்றால் மெஷினில் உள்ளதை எல்லாம் அழிப்பது. லாகின் திரையில் கன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட், ஆர். அவ்வளவுதான், மெஷின் புதிதாகிவிடும். பிரச்சினை போகும், அது ஏன் வந்தது என்பதும் சேர்ந்தே போகும். டவுன்லோட்ஸில் இருந்த கட்டுரை போய்விடும், சேமித்த வைஃபையும் போய்விடும். பள்ளி வைஃபை சான்றிதழ் கேட்கிற வகை என்றால் என்ரோல் ஆகாத (பள்ளியின் நிர்வாகத்தில் சேராத) மெஷின் அதில் ஏறாது. வைஃபை இல்லாமல் என்ரோல் ஆகாது. வரிசையில் பத்துப் பேர் நிற்கும்போது இந்த முட்டுச்சந்தில் மாட்டினால் அந்தப் பீரியட் காலி. என்ரோல் செய்வதற்கென்றே சாதாரண கடவுச்சொல்லில் ஓடும் தனி வைஃபையை மாவட்ட ஐடி அலுவலகத்திடம் கேட்டு வாங்குங்கள். பள்ளி மெஷின்களை எல்லாம் நிர்வகிக்கும் கூகுள் அட்மின் கன்சோலிலேயே பவர்வாஷைத் தடுக்கலாம். தடுத்துவிடுவது நல்லது.

பவர்வாஷுக்குப் பதிலாக முதலில் செய்ய வேண்டியது டிக்கெட், அதாவது பழுதுக் குறிப்பு, எழுதுவது. மெஷினைத் தொடுவதற்கு முன்பே ஐந்து வரி: அசெட் எண் (மெஷினுக்குப் பள்ளி தந்த எண்), திரையில் வந்த வாசகம் அப்படியே, எப்போதிலிருந்து, அதற்கு முன் என்ன மாறியது, இதுவரை என்ன செய்து பார்த்தார்கள்.

“திரை போச்சு” என்று ஒரு டிக்கெட் வருகிறது. இதை நம்பினால் புதுத் திரைப் பேனல் ஆர்டர் போடுவீர்கள். சரியாகக் கேட்டு எழுதினால் அதே டிக்கெட் இப்படி இருக்கும்: “மூடியைப் பாதி திறந்தால் படம் வருகிறது. அதற்கு மேல் திறந்தால் கறுப்பு. வெளி மானிட்டரில் படம் சரி.” இனி மெஷினைத் திறக்கவே வேண்டாம், விடை தெரிந்துவிட்டது. மதர்போர்டு நன்றாக இருக்கிறது, ஹிஞ்சில் மடங்கும் டிஸ்ப்ளே கேபிள்தான் சந்தேகம். பேனல் மாற்றியிருந்தால் காசும் போயிருக்கும், மெஷினும் மறு வாரமே திரும்பி வந்திருக்கும்.

டெஸ்க்கில் ஒட்டி வைக்க வேண்டிய சீட்டு:

– திரை தலைகீழ்: கன்ட்ரோல், ஷிஃப்ட், ரீஃப்ரெஷ்.
– மெஷின் தானாகப் பேசுகிறது: கன்ட்ரோல், ஆல்ட், இசட்.
– நிறம் எல்லாம் மாறிக் கிடக்கிறது: கன்ட்ரோல், சர்ச், எச்.
– எல்லாம் பெரிதாகத் தெரிகிறது: கன்ட்ரோல், ஷிஃப்ட், பூஜ்யம்.
– உயிரே இல்லை: நல்ல சார்ஜரில் அரை மணி நேரம், பிறகு ரீஃப்ரெஷ்ஷும் பவரும் சேர்த்து அழுத்துங்கள். இரண்டு யூஎஸ்பி-சி போர்ட் இருந்தால் இரண்டிலும் பாருங்கள்.
– அதற்கும் அசையவில்லை: எஸ்கேப், ரீஃப்ரெஷ், பவர். குரோம் ஓஎஸ்ஸை மறுபடி நிறுவ 8 ஜிபி ரெகவரி யூஎஸ்பி ஒன்று எப்போதும் தயாராக இருக்கட்டும்.

திரை மாற்றுவதில் எல்லோரும் செய்கிற தவறு ஒன்று. பல மாடல்களில் அடிமூடியைக் கழற்றாமல் பெசலை (திரையைச் சுற்றிய சட்டத்தை) மட்டும் நெம்பினாலே பேனல் வந்துவிடும். அதனால் பேட்டரி கனெக்டரைக் கழற்றாமல் விடுகிறார்கள். மின்சாரம் இருக்கும்போது டிஸ்ப்ளே கேபிளைச் செருகினால் மதர்போர்டில் பேக்லைட் (திரைக்குப் பின்னால் எரியும் விளக்கு) ஃபியூஸ் போகலாம். புதுப் பேனல் போட்டும் திரை இருட்டாக இருந்து, டார்ச் அடித்தால் மங்கலாகப் படம் தெரிந்தால் பெரும்பாலும் அதுதான் நடந்திருக்கிறது. சார்ஜரை எடுங்கள், அடிமூடியைத் திறந்து பேட்டரியை விலக்குங்கள், பிறகுதான் பேனல். கேபிள் முனையில் ஒட்டியிருக்கும் டேப்பை உரித்து, உலோகக் கம்பியைத் தூக்கி, திரைக்கு இணையாக இழுங்கள். மேல்நோக்கி இழுத்தால் பின்கள் வளையும். 30 பின்னா, 40 பின்னா என்பதைப் பழைய பேனலின் பின்பக்க லேபிளைப் பார்த்து ஆர்டர் செய்யுங்கள். புதியதைப் பொருத்தியதும் ஒருமுறை ஆன் செய்து படம் வருகிறதா என்று பார்த்துவிட்டுப் பெசலை அழுத்துங்கள்.

காசு செலவழிக்கும் முன் அந்த மாடலுக்கு அப்டேட் எந்த ஆண்டு வரை என்று செட்டிங்ஸில் பாருங்கள். 10 ஆண்டு அப்டேட் தருவதாக கூகுள் 2023-ல் அறிவித்தது உண்மைதான். ஆனாலும் பழைய மெஷின்களில் தேதி நெருங்கியிருக்கலாம்.

டிராக்பேட் மேலெழுந்தாலோ அடிமூடி புடைத்தாலோ பேட்டரி வீங்கியிருக்கிறது. மாணவர் கை வைக்கவே கூடாது. ஆஃப் செய்து, சார்ஜில் போடாமல், பெரியவரிடம் ஒப்படைக்க வேண்டும். யூஎஸ்பி போர்ட்டில் பென்சில் லெட், பேப்பர் கிளிப் சொருகிப் புகை கிளப்பும் விளையாட்டு 2025 மே மாதம் டிக்டாக்கில் பரவியது. அதனால் போர்ட்டுக்குள் ஏதாவது மின்னினால் அந்த மெஷினுக்கும் இதே விதிதான்.

கடவுச்சொல்லைக் கேட்கக் கூடாது. உரியவரே தட்டட்டும், திரை அவர் பக்கமே இருக்கட்டும். சக மாணவரின் மதிப்பெண்ணோ கோப்போ டெஸ்க் பிள்ளைகள் கண்ணில் படக் கூடாது. மாணவர் பதிவுகளின் ரகசியத்தைக் காக்கும் 1974-இன் ஃபெர்பா சட்டம் பள்ளியைத்தான் பிடிக்கும்.

இனி டீம். ஒரு பீரியடுக்கு இரண்டு மூன்று பேர் போதும், புதியவர் தனியாக உட்காரக் கூடாது. மாசசூசெட்ஸின் பர்லிங்டன் உயர்நிலைப் பள்ளி 2011-ல் ஐபேட் திட்டம் தொடங்கியபோது ஹெல்ப் டெஸ்க்கை ஒரு பாடமாகவே வைத்தது. அப்படி மதிப்பெண் கொடுப்பதானால் எத்தனை டிக்கெட் மூடினார்கள் என்று எண்ணாதீர்கள். எண்ணிய மறுநாளே எல்லாமே பவர்வாஷ் ஆகிவிடும். வாரம் மூன்று டிக்கெட்டை எடுத்து, அதை மட்டும் படித்து வேறொருவர் வேலையைத் தொடர முடியுமா என்று பார்த்து மதிப்பெண் போடுங்கள். 1,000 மாணவருக்கு 40 லோனராவது (இரவல் மெஷின்) சார்ஜோடு அலமாரியில் இருக்கட்டும். கையில் மாற்று மெஷின் இருந்தால் வந்தவர் வகுப்புக்குப் போய்விடுவார், டெஸ்க் பிள்ளை பொறுமையாக யோசிப்பான்.

தேர்வுக்கு வருவோம். 90 நிமிடம், அதிகபட்சம் 90 கேள்வி, தேர்ச்சிக்கு 900-க்கு கோர் 1-ல் 675, கோர் 2-ல் 700 என்பதெல்லாம் தெரிந்ததே. கோர் 2-ல் ஆப்பரேஷனல் ப்ரொசீஜர்ஸ் (வேலை செய்யும் நடைமுறைகள்) 21 சதவீதம், டிக்கெட் எழுதுவது அதற்குள் வருகிறது. “அடுத்து டெக்னீஷியன் என்ன செய்ய வேண்டும்?” என்ற கேள்விக்கு ‘அழித்து நிறுவு’ என்று ஒரு விடை கண்ணடிக்கும். பிரச்சினையைக் கேட்டறி, காரணம் ஊகி, சோதி, திட்டமிட்டுச் செய், சரிபார், எழுதி வை: கேள்வி இதில் எந்தப் படியில் நிற்கிறது என்று பார்த்துவிட்டு விடையைத் தொடுங்கள்.

– செய்முறைக் கேள்விகள் தொடக்கத்திலேயே வரும். ஃப்ளாக் போட்டுவிட்டு நகருங்கள்.
– குரோம்புக் டெஸ்க் விண்டோஸ் கற்றுத் தராது. மாவட்டம் கழித்துப்போட்ட டெஸ்க்டாப் நான்கு வாங்கி எஸ்எஃப்சி, செக்டிஸ்க், டிஸ்க்பார்ட் என்ற விண்டோஸ் கட்டளைகளைத் தட்டிப் பழகுங்கள்.
– லேசர் பிரிண்டரின் ஏழு படி, ரெய்டு (பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்க்கும் முறை) 0, 1, 5, 6, 10: மனப்பாடம்தான், வேறு வழியில்லை.
– மனப்பாடம் செய்ய வேண்டிய நெட்வொர்க் போர்ட் எண்கள்: 22, 53, 67, 68, 443, 445, 3389.
– 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள்: 1, 6, 11.
– மால்வேர் என்றால் சுத்தம் செய்யும் முன் சிஸ்டம் ரீஸ்டோரை நிறுத்துவது. கடைசிப் படி பயனருக்குச் சொல்லித்தருவது.

கோடையில் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. கடந்த ஆண்டு டிக்கெட்டுகளை மாடல் வாரியாகப் பிரித்து, எதற்கு எத்தனை பேனல், எத்தனை கீபோர்டு போனது என்று எண்ணி, ஆகஸ்டுக்கு முன்பே உதிரிபாகம் ஆர்டர் போடுங்கள். என்ரோல் வைஃபையின் கடவுச்சொல்லை ஐடி அலுவலகம் கோடையில் மாற்றியிருக்கும். பள்ளி திறப்பதற்கு முதல் நாளே ஒரு மெஷினில் போட்டுப் பாருங்கள்.