சுமேரியாவின் உப்பு வயல், மூன்று டப்பில்

பழைய சுமேரியாவில், அதாவது இன்றைய ஈராக்கின் தெற்கில், பாசன வயலில் உப்பேறிக் கோதுமை மறைந்தது என்பார்கள். அதை வீட்டிலேயே செய்து பார்க்கும் சோதனை இது. மூன்று பிளாஸ்டிக் டப், ஒவ்வொன்றிலும் காய்ந்த வண்டல் களிமண் 5 கிலோ. 'அ' டப்பில் ஓட்டை கிடையாது, உப்புத் தண்ணீர். 'ஆ' டப்பின் அடியில் ஆறு ஓட்டை, அதே உப்புத் தண்ணீர். 'இ' ஓட்டை இல்லாதது, நல்ல தண்ணீர். இந்த 'இ' இல்லாவிட்டால், பயிர் செத்தது வேரழுகலாலா உப்பாலா என்று சொல்ல முடியாது.

எல்லா டப்பிலும் பாதி கோதுமை, பாதி பார்லி. மளிகைக்கடை பார்லி தீட்டியது, முளைக்காது. உமியோடு இருப்பது வேண்டும். மூன்று இலை விடும்வரை எல்லாவற்றுக்கும் நல்ல தண்ணீர்தான். பார்லி உப்புக்கு அசராது என்பது வளர்ந்த பயிருக்கு, நாற்றுக்கு அல்ல.

பிறகு லிட்டருக்கு 2 கிராம் கல்லுப்பு. சுமேரிய வயல்களுக்குப் பாய்ந்த யூப்ரடீஸ் ஆற்று நீரில் உப்பு இதைவிட மிகக் குறைவு. தலைமுறைக் கணக்கை இரண்டு மாதத்தில் பார்க்கத்தான் இந்த அளவு. டப்பின் எடை 500 கிராம் இறங்கிய பிறகே 'அ', 'இ' இரண்டுக்கும் 500 மில்லி. 'ஆ'வுக்கு 750, மிச்சம் வடியட்டும்.

12-ஆம் பாசனம்: 'அ'வில் உவர் பூத்துவிட்டது. மண்கட்டிகளின் உச்சியிலும் விளிம்போரத்திலும் மட்டும் வெள்ளை, பள்ளம் கறுப்பாகவே கிடக்கிறது. ஈரம் மேலேறிக் காயும் இடத்தில்தான் உப்பு தங்கும். சுரண்டி எடுத்துப் பயனில்லை, உள்ளேயும் உப்பு நிற்கிறது.

'ஆ'வில் ஒரு கோளாறு. காய்ந்த களி வெடித்து, ஊற்றிய நீர் வெடிப்பு வழியே நேராக வெளியே போனது. வடிநீரும் லிட்டருக்கு 2 கிராம்தான், அதாவது உப்பைக் கழுவவே இல்லை. வெடிப்பை மூடிவிட்டு மூன்று தவணையாக ஊற்ற வேண்டும். 250 மில்லி வடிகிறதென்றால், வடிநீரில் உப்பு லிட்டருக்கு 6 கிராமைத் தொடும்போது வரவும் செலவும் சமம்.

20-ஆம் பாசனம்: 'அ'வில் 20 கிராம் உப்பு சேர்ந்தாயிற்று. கோதுமை நுனி கருகுகிறது. பார்லி குட்டை, ஆனால் பச்சை. மண்ணின் உப்பை அளக்க மண்சாற்றின் மின்கடத்துத்திறனைப் பார்ப்பார்கள், உப்பு ஏற ஏற அதுவும் ஏறும். அது மீட்டருக்கு 6 டெசிசீமன்ஸ் தாண்டினால் கோதுமை விளைச்சல் இறங்கும், பார்லிக்கு 8.

சுமேரியா இருந்த தென் மெசபடோமியாவில் கி.மு. 3500 வாக்கில் கோதுமையும் பார்லியும் ஏறக்குறைய சரிபாதி, கி.மு. 1700-இல் கோதுமையே இல்லை என்று ஜேக்கப்சன், ஆடம்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1958-இல் எழுதினார்கள். உப்பு மட்டுமா காரணம் என்ற சண்டை பிறகு வந்தது. ஆனால் வடிகாலுக்குச் சரிவே இல்லாத தட்டை நிலம் அது. வெள்ளமும் அறுவடை நெருங்கும் ஏப்ரல், மே மாதங்களில் வரும். நைல் வெள்ளம் விதைப்புக்கு முன்பே வந்து, பாத்திகளில் வாரக்கணக்கில் நின்று, உப்பைக் கழுவிக்கொண்டு வடிந்தது.

அடுத்து நைல் பாணியில் 'அ'வின் அடியில் ஓட்டை போட்டு, நான்கு விரல் நல்ல தண்ணீர் நிறுத்திவைத்து, வடிந்த பின் மறுபடி கோதுமை.