எந்தத் தாயிலிருந்து ஒடிக்கிறோம்?

அழிந்த பவளப்பாறையை மீட்க, கிளைவிட்டு வளரும் மான்கொம்புப் பவளத்தின் விரல் நீளத் துண்டு ஒன்றைச் சிமென்ட் பலகையில் வைத்துக் கட்டும்போது, அது ஆடவே கூடாது. அலையில் அசைந்துகொண்டிருந்தால் உரசும் இடத்தில் சதை தேய்ந்துவிடும், பிடிக்காது. அசையாமல் நின்றால் கொஞ்ச நாளில் சதை மெல்லக் கீழே இறங்கிப் பலகையைப் பற்றும். அப்புறம் கட்டிய கயிற்றையே மூடிவிடும். அதை முதன்முதலில் பார்த்தபோது, கரைக்கு வந்ததும் சங்கு குளித்த என் அப்பாவிடம்தான் ஓடிப்போய்ச் சொன்னேன்.

எங்கள் ஊர் தூத்துக்குடி. இங்கிருந்து ராமேஸ்வரம் வரை மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள். அவற்றில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் கடலுக்குள் போய்விட்டன. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளப்பாறையை உடைத்து உடைத்து எடுத்தோமே, அலையைத் தடுக்க அங்கே வேறென்ன இருந்தது? 2001-ல் பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் உச்சப் பாதுகாப்புத் தரும் முதல் அட்டவணையில் சேர்ந்தது. 2002-ல் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையம் இப்படிப் பவளத் துண்டு நடும் வேலையைத் தொடங்கியது. கரைந்துகொண்டிருந்த வான் தீவுக்கு முன்னால் 2015 முதல் செயற்கைப் பாறைகளை இறக்கினார்கள். நல்ல வேலை அது.

சரி, சூட்டுக்கு என்ன செய்வது? பவளத்தின் சதைக்குள் குடியிருக்கும் நுண்பாசிதான் அதற்குச் சோறு போடுகிறது, நிறமும் கொடுக்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் தண்ணீர் அளவுக்கு மீறிச் சூடானால் பவளம் அந்தப் பாசியை வெளியே தள்ளிவிட்டு வெளுத்துப்போகும். சூடு சீக்கிரம் தணிந்தால் பிழைக்கும், நீடித்தால் பட்டினியில் சாகும். 2010-லும் 2016-லும் இங்கே இது பெரிய அளவில் நடந்தது. அதிகம் அடிபட்டது கிளைவிட்டு வளரும் பவளங்கள். உருண்டைப் பாறையாக வளர்பவை ஓரளவு தாங்கின.

வேகமாக வளர்கிறது என்று நாம் அதிகம் நடுவதோ அந்த மான்கொம்பைத்தான். எனக்கு இது உறுத்திக்கொண்டே இருக்கிறது. எத்தனை துண்டு நட்டோம் என்பதைவிட எந்தத் தாய்ப்பவளத்திலிருந்து அதை ஒடித்தோம் என்பதுதான் முக்கியம். விதைநெல்லைக் கண்ட வயலிலிருந்தா எடுக்கிறோம்? பவள ஆய்வாளர்களான ஹவாயின் ரூத் கேட்ஸும் ஆஸ்திரேலியாவின் மேடலின் வான் ஓப்பனும் சூடு தாங்கும் பவளங்களைத் தேர்ந்து பெருக்கலாம் என்று 2015-லேயே எழுதிவிட்டார்கள்.

2016-ல் வெளுத்தும் செத்துப்போகாத மான்கொம்புகளுக்கு எண் தகடு கட்டி, ஒவ்வொரு மே மாதமும் போய்ப் பார்க்க வேண்டும். துண்டுகளை அவற்றிலிருந்து எடுக்கலாம். அதுவும் பல தாய்களிலிருந்து எடுக்க வேண்டும். ஒரே தாயின் துண்டுகளெல்லாம் ஒரே மரபு என்பதால், அந்தத் தாய்க்கு ஆகாத ஒரு நோய் வந்தால் மொத்தத் திட்டும் போய்விடும்.