தூசி பொறுக்கும் பத்து நிமிடங்கள்

டோக்கியோவின் இகெபுகுரோ நிலையத்தில் தோபு தோஜோ தடத்து ரயிலைப் பிடித்தால், ஒன்றேகால் மணி நேரம் போல ஆகும் ஓகாவாமாச்சி வந்து சேர. சைதாமா மாநிலத்தில் மலைகளுக்கு நடுவே இருக்கும் சிற்றூர் இது. இங்கும் பக்கத்திலுள்ள ஹிகாஷி சிசிபு கிராமத்திலும் கையால் செய்யப்படும் ஹோசோகாவா தாளின் தொழில்நுட்பத்தை 1978-இல் ஜப்பான் அரசு பாதுகாக்கப்பட வேண்டிய பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. 2014-இல் மினோ, செகிஷூ தாள்களோடு சேர்ந்து யுனெஸ்கோவின் பட்டியலிலும் அது இடம்பிடித்தது. இங்கே ஒரு தாள் பட்டறையில், வெளிநாட்டுப் பயணிகளுக்கு ஆங்கிலத்தில் செய்முறை சொல்லித்தருவது என் வேலை.

ஆங்கிலம் தெரிந்தால் இந்த வேலை செய்துவிடலாம் என்றுதான் வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். என்னிடம் வருகிறவர்களில் பலருக்கு ஆங்கிலம் தாய்மொழி இல்லை. தைவானிலிருந்தும் பிரான்ஸிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் வருகிறார்கள். சிறு வாக்கியங்களில் பேசுகிறேன். கண்ணால் பார்க்கக்கூடியதை மட்டும் சொல்கிறேன். தாள் வார்க்கும் சல்லடைச் சட்டத்தை ‘மெதுவாக ஆட்டுங்கள்’ என்றால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு வேகத்தில் ஆட்டுவார்கள். ‘தண்ணீர் சட்டத்தின் எதிர் விளிம்பைத் தொட்டதும் உங்கள் பக்கம் சாயுங்கள்’ என்றால் எல்லாருக்கும் கை சரியாக வந்துவிடும். மொழியைப் பொறுத்தவரை சிரமம் இவ்வளவுதான். எதைச் சொல்வது, எதை விடுவது என்று தீர்மானிப்பதுதான் கடினம். வந்தவருக்குக் கிடைப்பது ஒரு மணி நேரம். ஒரு தாள் பிறக்க ஒரு குளிர்காலம் வேண்டும்.

பயணிகள் எதிர்பார்த்து வருவது எளிதான ஒன்றை. சிறிய சட்டத்தை நார்க்கூழில் ஒரு முறை முக்கி எடுப்பது, அதன் மேல் மேப்பிள் இலை ஒன்றை வைப்பது, நீரை வடித்துச் சூடான தகட்டில் காயவைப்பது, தபால் அட்டையோடு ரயில் ஏறுவது. இதற்கு தமேசுகி என்று பெயர். கூழை அள்ளி அப்படியே நீரை வடியவிடும் முறை. ஹோசோகாவா தாள் இப்படிச் செய்யப்படுவதில்லை. அது நகாஷிசுகி. கைவினைஞர் பெரிய சட்டத்தில் கூழ்நீரை மீண்டும் மீண்டும் அள்ளி, முன்னும் பின்னும் ஓடவிட்டு, மிஞ்சியதை ஒரு வீச்சில் வெளியே எறிவார். அந்த ஓட்டத்தில்தான் நார்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். நீங்கள் செய்தது ஹோசோகாவா தாள் அல்ல என்பதை ஒவ்வொரு வகுப்பிலும் நான் சொல்லிவிடுகிறேன். யாரும் வருத்தப்பட்டதில்லை. கைவினைஞர் வேலை செய்யும் பெரிய தொட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்று, முன்னைவிட அதிக நேரம் பார்க்கிறார்கள்.

ஆனால் பெரிய தொட்டியும்கூடக் கதையின் கடைசிப் பக்கம்தான். கோஸோ என்கிற காகித மல்பெரியின் கிளைகளை இலையுதிர்ந்த பிறகு வெட்டி, பீப்பாயைக் கவிழ்த்து ஆவியில் வேகவைக்கிறார்கள். சர்க்கரைவள்ளிக் கிழங்கு வேகும் மணம் பட்டறை முழுக்க நிறைந்திருக்கும். சூடு ஆறுவதற்குள் பட்டையை உரிக்க வேண்டும். கறுப்புத் தோலைக் கத்தியால் சுரண்டி எடுத்து, வெள்ளைப் பட்டையை உலர்த்தி, மறுபடி ஊறவைத்து, சோடா சாம்பல் போட்டு வேகவைத்து அலசுவார்கள். அதன் பிறகு வருவது சிரிதோரி. குளிர்ந்த நீரில் கையை விட்டு, இழை இழையாகப் பிரித்து, ஒட்டியிருக்கும் கரும்புள்ளிகளையும் மொட்டுத் தழும்புகளையும் விரல் நுனியால் பொறுக்குவது. குளோரின் போட்டு வெளுத்தால் இந்த வேலை பெருமளவு மிச்சமாகும். நாரின் வலுவும் கூடவே போய்விடும்.

சிரிதோரியை வகுப்பில் சேர்க்க வேண்டும் என்று கேட்டபோது பட்டறையில் தயக்கம் இருந்தது. விடுமுறைக்கு வந்தவர்களைத் தண்ணீரில் தூசி பொறுக்கச் சொல்வதா என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு; நேரமும் குறைவு. ஆனாலும் விடாமல் கேட்டேன். எங்கள் மூத்த கைவினைஞர், நாங்கள் சென்செய் (ஆசிரியர்) என்று அழைக்கும் அம்மையார், ஒரு சிறு தொட்டியில் வேகவைத்த பட்டையைப் போட்டுத் தந்து, “பத்து நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள்” என்றார். அந்தப் பத்து நிமிடங்கள்தான் இப்போது வகுப்பின் தொடக்கம்.

அதில் நடப்பதைப் பார்க்க வேண்டும். முதலில் சிரிப்பு, குளிரில் சிறு கூச்சல். பிறகு பேச்சு குறைகிறது. ஒரு குடும்பத்தோடு வந்த பள்ளிச் சிறுமி, தன் பட்டையில் ஊசிமுனை அளவு இருந்த ஒரு புள்ளியை எடுக்க முடியாமல், நகத்தால் சுரண்டாமல், நாரை இரண்டாகப் பிளந்து உள்ளிருந்து அதை வெளியே தள்ளினாள். சென்செய் எட்டிப் பார்த்து, “அதேதான்” என்றார். நான் அதை மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. தூசி பொறுக்கியவர்கள் பிறகு சட்டத்தைப் பிடிக்கும் விதமே வேறாக இருக்கிறது. கூழைத் தரையில் சிந்துவதில்லை.

இன்னொன்றையும் நான் விடுவதில்லை: நெரி. தொரோரோ அவோய் என்ற செடியின் வேரை நசுக்கி ஊறவைத்து எடுக்கும் வழவழப்பான சாறு. அந்தச் செடி வெண்டைக்கு நெருங்கிய உறவு. வெண்டைக்காய் நறுக்கியவர்கள் சாற்றில் விரலை விட்டதும் புரிந்துகொள்வார்கள். பசை என்றுதான் எல்லாரும் முதலில் நினைக்கிறார்கள். அது பசை அல்ல. நார்கள் திரண்டு அடியில் படியாமல் நீரில் மிதக்க வைப்பதும், நீர் வடிவதைத் தாமதப்படுத்துவதும் அதன் வேலை. ஈரத் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அழுத்திய பிறகும் தனித்தனியாக உரிக்க முடிவதற்கு அதுவே துணை. வெப்பத்தில் வழவழப்பு போய்விடும் என்பதால்தான் தாளுக்குக் குளிர்காலம் உகந்தது. இந்தச் செடி பெரும்பாலும் இபாராகி மாநிலத்து ஒமிதாமா பகுதியில் விளைகிறது. மூப்பின் காரணமாக அங்குள்ள விவசாயிகள் சாகுபடியை நிறுத்தப்போவதாக 2019-இல் செய்தி வந்தபோது ஜப்பானின் தாள் ஊர்கள் பலவும் கலங்கின. யுனெஸ்கோ பட்டியலில் பெயர் இருந்தாலும், வேர் தோண்ட ஆள் இல்லையென்றால் தொட்டி காலிதான். பயணிகளிடம் இதை நேராகச் சொல்கிறேன். விடுமுறை மனநிலையைக் கெடுக்கிறோமே என்று நான் நினைப்பதில்லை. இவ்வளவு தூரம் வந்தவர்களுக்கு இதை அறியும் உரிமை உண்டு.

கடைசியில் ஒரு செய்தித்தாளையும் எங்கள் தாளையும் அவர்கள் கையில் கொடுத்துக் கிழிக்கச் சொல்வேன். செய்தித்தாள் சட்டென்று பிளக்கும். எங்கள் தாள் முரண்டு பிடித்துக் கிழியும். கிழிந்த ஓரத்தில் மெல்லிய முடிகள் நீட்டிக்கொண்டிருக்கும். மரக்கூழின் நார் ஓரிரு மில்லிமீட்டர்தான். கோஸோ நார் சுமார் ஒரு சென்டிமீட்டர். உலகெங்கும் அருங்காட்சியகங்கள் பழைய ஏடுகளைச் செப்பனிட ஜப்பானியத் தாளைத் தேடுவது இந்த நீளத்துக்காகவும்தான். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்ததும், தாங்கள் புள்ளி பொறுக்கிய நார் இதுதான் என்று அவர்களே சொல்லிவிடுகிறார்கள்.

இப்போது இன்னும் ஒரு படி போயிருக்கிறோம். கிளை வேகவைக்கும் நாட்களில் வர விரும்புகிறவர்களிடம், “அன்று தாள் செய்ய முடியாது, கையில் எதுவும் கொண்டுபோக முடியாது, பட்டை உரிக்க மட்டும் வரலாம்” என்று முன்கூட்டியே எழுதிவிடுகிறேன். வருகிறார்கள். ஆவி பறக்கும் கிளைக்கட்டைச் சுற்றி ஊர்ப் பெரியவர்களோடு உட்கார்ந்து உரிக்கிறார்கள். அன்று எனக்கு ஆங்கிலத்தில் பேச அதிகம் இருப்பதில்லை. நானும் ஒரு கிளையை எடுத்துக்கொள்கிறேன்.