கடல்காற்று வரும் நேரம்

யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்குக் குடிபெயர்பவர்களுக்கு உறவினர் சொல்லும் முதல் ஆறுதல், காலநிலையாவது ஒன்றுதானே என்பது. அது பெரும்பாலும் உண்மை. இரண்டு ஊர்களுக்கும் மழை தருவது வடகிழக்குப் பருவக்காற்று. சித்திரை வெயிலும் இரண்டுக்கும் பொது. ஆனால் பிள்ளைகளை எப்போது விளையாட விடுவது, வயதானவர்கள் எப்போது நடக்கப் போவது என்பவற்றை, சென்னையில் கடலிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் வளசரவாக்கத்தில் நாங்கள் புதிதாகத்தான் பழகினோம். இங்கே அந்த நேரத்தைக் குறிப்பது கடல்காற்று.

பகலில் நிலம் கடலைவிட விரைவாகச் சூடேறும். நிலத்தின் மேலுள்ள காற்று எழும்ப, அந்த இடத்துக்குக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும். கரையோரத்துப் பெசன்ட் நகரை நண்பகலிலேயே தொட்டுவிடும் அந்தக் காற்று எங்கள் பக்கம் வந்து சேரப் பொழுது சாய்ந்துவிடுவதும் உண்டு. மே, ஜூன் மாதங்களில் மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்று வலுவாக இருந்தால் கடல்காற்று கரையோரத்திலேயே தடுக்கப்படும். வெப்பம் 40 பாகையைத் தாண்டுவது பெரும்பாலும் அத்தகைய நாள்களில்தான். 2003 மே மாதக் கடைசியில் நுங்கம்பாக்கத்தில் 45 பாகை பதிவானதை இங்குள்ளவர்கள் இன்னும் சொல்வார்கள்.

காற்றின் திசையை அறிய எங்கள் மொட்டைமாடிக் கொடியே போதும். மதியம் முழுவதும் துணிகள் கிழக்கு நோக்கிப் பறக்கும். பிறகு சற்று நேரம் அசையாமல் தொங்கும். அதன்பின் மெல்ல மேற்குப் பக்கம் திரும்பும். "காத்து திரும்பிடுச்சு, இப்ப பையனை அனுப்புங்க" என்று கீழ்வீட்டு அக்கா படிக்கட்டிலிருந்தே குரல் கொடுப்பார். கால்பந்து ஆடும் பிள்ளைகளும் நடைப்பயிற்சிக்கு வரும் ஓய்வுபெற்றவர்களும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் மைதானத்துக்கு வந்து சேர்வார்கள். தெருவில் ஷட்டில் ஆடிக்கொண்டிருந்தவர்கள் மட்டும், பந்து காற்றோடு போய்விடுகிறதென்று அலுத்தபடி வலையை அவிழ்ப்பார்கள்.

காற்று வந்தும் வெக்கை தணியாத மாலைகள் கூடிவிட்டன என்பது மைதானத்துக்குப் பல ஆண்டுகளாக வருபவர்களின் குறை. கடல்நீர் சூடேறச் சூடேறக் காற்றில் ஈரப்பதம் கூடும். வியர்வை உலராவிட்டால் உடலின் சூடு வெளியேறாது. பகலில் கான்கிரீட்டும் தாரும் வாங்கிவைத்த வெப்பம் இரவில்தான் வெளிவருகிறது. கோடையில் மட்டும் கவனமாக இருந்தால் போதும் என்பதும் பழைய கணக்காகிவிட்டது. 2024 அக்டோபர் 6 அன்று, புரட்டாசி மாதத்தில், மெரினாவில் நடந்த விமானப்படை சாகச நிகழ்ச்சிக்குத் திரண்ட பெருங்கூட்டத்தில் ஐந்து பேர் இறந்தார்கள். நெரிசலையும் தண்ணீர் இல்லாமையையும் பலர் குறை கூறினார்கள். நிழலே இல்லாத மணலில் நண்பகலில் மக்களைக் கூட்டியதை நான் அவற்றுக்கு முன்னால் வைப்பேன். அதே மாதம் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது.

நிழல் குறைந்ததில் புயலுக்கும் பங்கு உண்டு. 2016 டிசம்பர் 12 அன்று கரை கடந்த வர்தா, நகரில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. எங்கள் மைதானத்து நடைபாதையில் தூங்குமூஞ்சி மரம் நின்ற இடத்தைப் பழையவர்கள் காட்டுவார்கள். அந்த வளைவை மட்டும் எல்லோரும் வேகமாக நடந்து கடக்கிறார்கள்.

தை பிறந்தால் நிலைமை மாறிவிடும். ஊரில் பொங்கல் அன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டத் திருவிழா நடக்கும். வாடைக்காற்று அதற்கென்றே வீசுவதுபோல் இருக்கும். இங்கே கண்ணாடித்தூள் பூசிய மாஞ்சா நூல் கழுத்தை அறுத்து உயிர்கள் போயிருப்பதால் பட்டம் என்றாலே அச்சம், அதில் நியாயமும் உண்டு. மாறாக, மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் 1988 முதல் நடத்திவரும் இரவு நடையில், நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை, மகனோடு சேர்ந்துகொள்கிறேன். ஆமைகள் முட்டையிட்டுப் புதைக்கும் மணலின் சூட்டைப் பொறுத்தே முட்டையிலிருந்து வருவது ஆணா பெண்ணா என்று அமைகிறது. மணல் மிகவும் சூடாக இருந்தால் பெண் குஞ்சுகளே மிகுதி. இதை அறிந்ததிலிருந்து அவன் மணலில் கை வைத்துப் பார்த்தபடியே நடக்கிறான்.

சென்ற கோடையில் கால்பந்துப் பயிற்சியைக் காலை ஐந்தரைக்கு மாற்றலாமா என்று பெற்றோர் கூடிப் பேசினோம். வெயிலை மட்டும் பார்த்தால் அது சரியான யோசனை. ஆனால் விடியலிலேயே வீட்டுவேலைக்குக் கிளம்பும் தாய்மார்களின் பிள்ளைகளை யார் கொண்டுவந்து விடுவது என்ற கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை. கட்டணம் கட்ட முடிந்த சிலர் ஏசி உள்ளரங்கத்துக்குப் போய்விட்டார்கள். எஞ்சியவர்களுக்காக மாஸ்டர் இப்போது இரு வேளையும் வருகிறார். மாலைக் குழுவுக்கு ஓட்டப் பயிற்சி கிடையாது. தண்ணீர் குடிக்க அடிக்கடி ஆட்டத்தை நிறுத்துவார். வெக்கை தாங்காத நாளில் விடுமுறை என்று பெற்றோருக்கு வாட்ஸ்அப்பில் தகவல் வந்துவிடும்.