டிஸ்ஸிங்டன்: பூ வைத்த ஊற்றுகளும் 25 பவுண்டு டாக்சியும்

முதலில் அந்த டாக்சிக்காரரைத் திட்டி முடித்துவிடுகிறேன். இங்கிலாந்தின் டார்பிஷயரில், ஆஷ்போர்ன் ஊரிலிருந்து, ஊற்றுகளுக்குப் பூ அலங்காரம் செய்து விழா எடுக்கிற டிஸ்ஸிங்டன் கிராமத்துக்கு நாலே மைல்தான். அதற்கு 25 பவுண்டு! மீட்டர் கிடையாது. கேட்டால், "இன்றைக்குத் திருவிழா, உள்ளே போனால் வெளியே வரவே அரை மணி நேரம் ஆகும்" என்றார். உள்ளே வந்தால்தானே? ஊர் நுழைவாயிலிலேயே இறக்கிவிட்டு, அந்த நிமிடமே வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

டார்பியிலிருந்து ஆஷ்போர்ன் வருகிற பஸ் 3 பவுண்டுதான், இங்கிலாந்து முழுக்க இருக்கிற உச்சவரம்புக் கட்டணம். அதில் குறை சொல்ல எதுவுமில்லை, நேரத்தைத் தவிர. பஸ் தாமதமாக வந்து சேர்ந்ததால், டிஸ்ஸிங்டன் வழியாகப் பக்ஸ்டன் பக்கம் போகிற அடுத்த பஸ் கிளம்பிப் போய்விட்டிருந்தது. அது ஒரு நாளைக்குச் சில தடவைதான் ஓடுகிறது. டாக்சிக்காரருக்கும் இது தெரியும்போல, பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தார். இதில் லண்டனிலிருந்து டார்பிக்கு வாரநாள் காலை ரயில் டிக்கெட் வேறு. அந்தத் தொகையை இங்கே எழுத மாட்டேன், வீட்டில் இதைப் படிப்பார்கள்.

வாரநாளில் ஏன் போனாய் என்றால், விழா வருவதே வியாழக்கிழமைதான். ஈஸ்டர் முடிந்து வருகிற இயேசு விண்ணேற்ற நாளன்றுதான் டிஸ்ஸிங்டனில் ஊற்றுகளை அலங்கரித்துப் பிரார்த்தனை செய்கிறார்கள். உள்ளே போன ஐந்தாவது நிமிடத்தில் எனக்கு டாக்சிக் கோபம் போய்விட்டது. புல்வெளியும், வாத்துக் குளமும், சாம்பல் நிறச் சுண்ணாம்புக்கல் வீடுகளுமாக ஊர் பளிச்சென்று இருக்கிறது. ஃபிட்ஸ்ஹெர்பர்ட் குடும்பத்தார் 1609-இல் கட்டிய மாளிகைக்கு எதிரே, கல் வளைவுக்குள் முதல் ஊற்று. அதன் மேல் ஆளுயரத்துக்கும் அதிகமாக ஒரு படம் நிற்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் பெயின்ட் அடித்த பலகை என்றே நினைப்பீர்கள். கிட்டே போங்கள். அத்தனையும் பூவிதழ்!

எப்படிச் செய்கிறார்கள் என்று அங்கே நின்றிருந்த ஒரு பாட்டியிடம் கேட்டேன். அவ்வளவுதான், கால் மணி நேரம் விடவில்லை. நிறைய ஆணி அடித்த மரத்தட்டை முதலில் நாள்கணக்கில் தண்ணீரில் ஊறவைக்கிறார்கள். அப்போதுதான் அது களிமண்ணின் ஈரத்தை உறிஞ்சாது. களிமண்ணில் உப்புக் கலந்து மிதித்துக் குழைத்து, தட்டில் அப்பி மட்டம் தட்டுகிறார்கள். உப்பு இருந்தால் சீக்கிரம் காயாது, ஆணிகள் இருப்பதால் மண் சரியாது. தாளில் வரைந்த படத்தை அதன் மேல் வைத்து ஊசியால் குத்திக் கோட்டை மண்ணில் இறக்குகிறார்கள். கோடுகளுக்கு ஆல்டர் மரத்தின் குட்டிக் கறுப்புக் காய்கள், காபிக் கொட்டை, விதைகள். நடுவில் பாசியும் இலையும். இதழ்களைக் கடைசியில்தான் வைக்க வேண்டும், வாடிவிடும் அல்லவா. அதையும் கீழிருந்து மேலாக, ஒன்றின் விளிம்பை அடுத்தது மூடும்படி ஓடு வேய்வதுபோல வைக்கிறார்கள். மழை பெய்தால் தண்ணீர் வழிந்து இறங்கிவிடும். (மழை பெய்தது. வழிந்து இறங்கியது. என் சட்டைக்குத்தான் அந்த வசதி இல்லை.)

இவ்வளவு உழைப்பும் கூடிப்போனால் ஒரு வாரம் தாங்கும். அப்புறம் களிமண்ணை வழித்துப் போட்டுவிடுவார்கள்.

தேவாலயத்தில் ஆராதனை முடிந்து, பாதிரியார்களும் பாடகர் குழுவும் முன்னால் போக, ஊரே பின்னால் நடக்கிறது. ஒவ்வொரு ஊற்றிலும் நின்று, வேதம் வாசித்து, பாட்டுப் பாடி, ஆசீர்வதித்துவிட்டு அடுத்ததற்குப் போகிறார்கள். மொத்தம் ஆறு. சவப்பெட்டி ஊற்று என்று ஒன்று இருக்கிறது. பயப்பட வேண்டாம், தொட்டி அந்த வடிவத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். உறைக்கிணறு மாதிரி எட்டிப் பார்க்க ஆழம் எதுவும் இல்லை. கல்லுக்கு நடுவிலிருந்து சத்தமில்லாமல் தண்ணீர் வந்துகொண்டே இருக்கிறது.

1348-49இல் கொள்ளைநோய் இந்த வட்டாரத்தையே வாரிக்கொண்டு போனபோது டிஸ்ஸிங்டனில் யாரும் சாகவில்லை, அதற்கு நன்றியாகத்தான் இந்த அலங்காரம் என்று கதை சொல்கிறார்கள். 1615 வறட்சியிலும் இந்த ஊற்றுகள் வற்றவில்லை என்பது இன்னொரு கதை. எனக்கு இரண்டாவதுதான் நம்பும்படி இருக்கிறது. இது சுண்ணாம்புக்கல் பூமி. எவ்வளவு மழை பெய்தாலும் வெடிப்புகள் வழியே கீழே போய்விடும். கொஞ்ச தூரத்தில் ஓடும் மேனிஃபோல்ட் ஆறே கோடையில் பூமிக்குள் காணாமல் போய்விடுகிறது. இப்படிப்பட்ட இடத்தில் வற்றாத ஊற்று கிடைத்தால் யார்தான் கும்பிட மாட்டார்கள்?

கும்பிடுவதைத் தடுத்தும் பார்த்திருக்கிறார்கள். 1538-இல், எட்டாம் ஹென்றி மன்னர் காலத்தில், பக்கத்து பக்ஸ்டனில் புனித ஆன் ஊற்றை மூடி முத்திரை வைத்து, குணமான நோயாளிகள் காணிக்கையாக விட்டுப்போன ஊன்றுகோல்களைக்கூட அள்ளிக்கொண்டு போனார்கள். ஜனங்கள் விடவில்லை. யூல்கிரேவ் கிராமத்தில் 1829-இல் குழாய்த் தண்ணீர் வந்ததும் குழாய்க்கே பூ அலங்காரம் செய்தார்கள். தண்ணீர் எந்த வழியில் வந்தால் என்ன!

சாப்பாடு. தேநீர்க் கடைகளில் வரிசை குளம்வரை நின்றது. நான் காலையில் ஆஷ்போர்னிலேயே சாப்பிட்டுவிட்டேன், இந்தப் பயணத்தில் நான் எடுத்த ஒரே நல்ல நிதி முடிவு அது. டார்பிஷயர் ஓட்கேக்! கேக் என்றதும் இனிப்பு என்று எண்ண வேண்டாம். ஓட்ஸ் மாவும் கோதுமை மாவும் கரைத்து, ஈஸ்ட் போட்டுப் பொங்கவைத்து, சூடான கல்லில் வட்டமாக ஊற்றிச் சுடுகிறார்கள். மெத்தென்று, லேசான புளிப்போடு, உள்ளே உருகிய சீஸும் காளானும். இரண்டு தின்றேன். மிளகாய்த்தூள் கேட்டேன், கடைக்காரம்மா மிளகுத்தூள் புட்டியைத் தள்ளினார். பரவாயில்லை, அதுவும் ஒத்துப்போனது.

திரும்பும்போது டாக்சி என்ற பேச்சுக்கே இடமில்லை. 1899-இல் போட்டு 1960-களில் மூடிய பழைய ரயில் பாதையை நடைபாதையாக்கியிருக்கிறார்கள், டிஸ்ஸிங்டன் டிரெயில் என்று பெயர். ஆஷ்போர்ன்வரை சைக்கிளிலோ நடந்தோ போகலாம், காசு கிடையாது. பெரும்பாலும் சமதளம். பாலம் இருந்த ஓர் இடத்தில் மட்டும் சரேலென்று இறங்கி ஏற வேண்டும், முழங்கால் வலிக்காரர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். கடைசியில் ஒரு சுரங்கம் வழியாக ஊருக்குள் கொண்டுபோய் விட்டுவிடுகிறது.

போகிறவர்களுக்கு: அலங்காரத்தைப் பார்க்க டிக்கெட் இல்லை, உண்டியல் வைத்திருக்கிறார்கள், போடுங்கள். கார் நிறுத்தத்தான் காசு. வியாழக்கிழமை விடுப்பு கிடைக்காவிட்டால் அடுத்து வரும் சனி, ஞாயிறில் போகலாம். ஊர்வலம் இருக்காது, பலகைகள் இருக்கும், இதழ்கள் ஓரத்தில் பழுப்பேறத் தொடங்கியிருக்கும். டிஸ்ஸிங்டனைத் தவறவிட்டாலும், டார்பிஷயரில் செப்டம்பர்வரை ஏதாவது ஒரு கிராமத்தில் இந்த விழா நடந்துகொண்டே இருக்கும். ரயில் டிக்கெட்டை மட்டும் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.